படிக்கு இந்தப் பக்கம்

பள்ளிக்கூடம் இல்லை, சார். பள்ளி. வாசல் பலகையில் ‘ஜூதப் பள்ளி’ என்று இருப்பதைப் பார்த்துவிட்டு நம் ஊர்க்காரர்கள் எல்லாரும் இதையேதான் கேட்கிறார்கள். எத்தனையாம் வகுப்பு வரை, இப்போது லீவா என்று. மலையாளத்தில் முஸ்லிம்கள் தொழுகிற இடமும் பள்ளி, கிறிஸ்தவர்கள் ஜெபிக்கிற இடமும் பள்ளி, யூதர்கள் ஜெபித்த இடமும் பள்ளி. கடைசியில் சொல்லும்போது மட்டும் ‘ஜெபித்த’ என்று வந்துவிடுகிறது. என்ன செய்வது.

உட்காருங்கள். இது துலாமாச மழை, நம் ஐப்பசி மழை, லேசில் விடாது. டிக்கெட் கொடுக்கிற பெண் சாப்பிடப் போயிருக்கிறாள். நான் இங்கே சம்பளக்காரன் இல்லை. சும்மா வந்து உட்காருகிறவன். விரட்டாமல் இருக்கிறார்கள், அவ்வளவுதான். என் பெயர் பலவேசம். அப்பாவுக்கு வள்ளியூர்ப் பக்கம். இந்த ஆலங்கடவுக்குப் பிழைக்க வந்து தேங்காயெண்ணெய்ச் செக்கு போட்டார். நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான். புதிய ஆட்களோடு எனக்குப் பேச வராது. நீங்கள் தமிழில் கேட்டதால் வாயைத் திறக்கிறேன்.

கட்டடத்தைப் பற்றித்தானே கேட்டீர்கள்? முறையாகச் சொல்கிறேன். ரோட்டிலிருந்து தெரிகிற அந்த மாடிக் கட்டடம் பள்ளி இல்லை. அது படிப்புரை, வாசல் வீடு. அதைத் தாண்டினால் இரண்டு பக்கமும் தூண் நிறுத்தி மேலே ஓடு வேய்ந்த நடை. நாம் இப்போது உட்கார்ந்திருக்கிறோமே, இதுதான். நடை முடிகிற இடத்தில் கருங்கல்லில் ஒரு படி இருக்கிறது, பார்த்தீர்களா? அந்தப் படிக்கு அந்தப் பக்கம்தான் பள்ளி. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கைடு ஒருவன் வருகிறான், அவன் எல்லாவற்றையும் சேர்த்துப் பள்ளி என்று சொல்லிவிட்டுப் போகிறான். நடை பள்ளி இல்லை. நடை நடைதான்.

எவ்வளவு பழசு என்று என்னிடம் கேட்காதீர்கள். சுவரில் பதித்த கல் ஒரு வருஷம் சொல்கிறது, கைடு வேறு வருஷம் சொல்கிறான். ராஜா மனையும் மரமும் கொடுத்தாராம். ஒரு முறை தீப்பிடித்து, மறுபடி கட்டினார்களாம். கட்டின ஆசாரிமார் கோயில் வேலை பார்த்தவர்கள். அவர்கள் கைக்குத் தாமரைதான் வரும். கூரைப் பலகை முழுக்கத் தாமரையாகச் செதுக்கிவிட்டார்கள். வேண்டாம் என்று யூதர்களும் சொல்லவில்லை. அண்ணாந்து பார்த்தால் தெரியும்.

உள்ளே மேற்குச் சுவரில் பொன் பூசின பெரிய மரப்பெட்டி. வேதச் சுருள் அதற்குள்தான் இருந்தது. இப்போது காலி. நடுக்கூடத்தில் பித்தளைக் கம்பி போட்ட ஒரு மேடை. மேலே கண்ணாடி விளக்குகள், எல்லாம் தேங்காயெண்ணெய் விளக்குகள். எங்கள் எண்ணெய்தான். இதுபோக மாடியில் இன்னொரு மேடை இருக்கிறது, வாசலுக்கு நேர் மேலே. வேறு நாட்டுப் பள்ளிகளில் அப்படி இல்லையாம், வெளிநாட்டுக்காரர்கள் அதைத்தான் படம் பிடிப்பார்கள். பெருநாள் வந்தால் மாடி மேடையில் நின்றுதான் சுருளை வாசிப்பார்கள். மேடைக்குப் பின்னால் மரத்தில் அழிபோட்ட தட்டி. தட்டிக்குப் பின்னால் பெண்கள். ஆண்கள் மாடிக்குப் போக உள்ளேயே மரப்படி உண்டு. பெண்களுக்கு இந்த நடையிலிருந்து தனிப் படிக்கட்டு. நீங்கள் முதுகைச் சாய்த்திருக்கிறீர்களே, அந்தச் சுவருக்குள்தான் ஏறிப் போகிறது.

இந்த மாடி மேடையால்தான் எனக்கு இங்கே ஒரு வேலை வந்தது. என் பெயர் கெட்டதும் அதனால்தான்.

பத்து ஆண்கள் கூடினால்தான் சுருளை எடுத்து வாசிக்கலாம். அது அவர்கள் சட்டம். பெண்கள் ஐம்பது பேர் இருந்தாலும் அதில் சேர்த்தி இல்லை. இன்னொரு சட்டமும் உண்டு. ஆட்களை எண்ணக்கூடாது. தலையைப் பார்த்து ஒன்று, இரண்டு என்று சொன்னால் அந்த ஆட்கள் குறைந்துபோவார்களாம். பத்தும் வேண்டும், எண்ணவும் கூடாது. என்ன செய்வார்கள் தெரியுமா? பத்து வார்த்தையில் ஒரு வாசகம் வைத்திருந்தார்கள். ஒரு முகத்துக்கு ஒரு வார்த்தை. வாசகம் முடிந்தால் ஆள் சரி. நல்ல ஏற்பாடுதான். எனக்கு அது பிடித்திருந்தது.

எலியாஹு மூப்பர் என்று ஒருவர் இருந்தார். இந்தப் பள்ளிக்கு அவர்தான் எல்லாம். அவருக்குக் கண்ணில் புரை விழுந்து முகங்கள் தெரியாமல் போயின. அதோடு மாடி மேடையில் ஏறிவிட்டால் கீழே வாசல் பக்கம் யார் வந்தார், யார் வரவில்லை என்று நல்ல கண்ணுக்கே தெரியாது. அப்போது நான் எண்ணெய் ஊற்ற வந்துகொண்டிருந்தேன். என்னைக் கூப்பிட்டார்.

“எடோ பலவேசம், நீ வெளியாள். நீ பார்த்துச் சொன்னால் தோஷமில்லை. வாசல்ல நில்லு. நான் மேலேருந்து ‘ஆளாயோ’ன்னு கேப்பேன். ஆள் சேர்ந்திருந்தா ‘ஆயி’ன்னு சொல்லு. சேரலைன்னா ‘ஆயில்லா’ன்னு சொல்லு, காத்திருக்கேன். எத்தனைன்னு மட்டும் சொல்லாதே.”

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். என்ன என்றார்.

“மூப்பரே, ‘ஆயி’ன்னா எங்க வீட்டிலே சின்னப் பிள்ளைங்க சொல்றது.”

“என்னத்தைச் சொல்றது?”

“கொல்லைக்குப் போகணும்னு சொல்றது.”

மாடியில் தட்டிக்குப் பின்னால் ஒரு பெண் சிரித்த சத்தம் கேட்டது. மூப்பருடைய மகள், சிப்போரா. அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தாள். பிறகு பல வருஷம் நான் வாசலில் நின்று ‘ஆயி’ சொல்லும் போதெல்லாம் தட்டிக்குப் பின்னால் ஒரு செருமல் கேட்கும். அப்படிக் கேலி செய்யக்கூடாது, இல்லையா? நான் ஒருநாளும் அதைப் பற்றிச் சொல்லிக் காட்டியதில்லை.

அவளுக்கு என் அளவில் சந்தேகம், சார். வீட்டில் வேலைக்காரி இருந்தாள். ஆனாலும் எண்ணெய் கொண்டுவந்தால் சிப்போராதான் வந்து இந்த நடையில் நின்று பார்ப்பாள். நான் அளந்து முடிக்கும்வரை போக மாட்டாள். முடித்த பிறகும் போக மாட்டாள்.

“ஒரு சொட்டுக் கூடுதலா விழுந்தா உங்க செக்கு நின்னு போகுமா?” என்பாள்.

“அளவுன்னா அளவுதான்” என்பேன்.

“உங்களைக் கட்டிக்கப் போறவ பாவம். சோத்தையும் அளந்துதான் போடுவீங்க.”

“நான் ஏன் போடப் போறேன், அவதானே போடுவா?”

இதற்கும் சிரிப்பாள். நேராகப் பதில் சொன்னால் ஏன் சிரிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. கல்யாணமா? இல்லை. செக்கைப் பார்க்கவே பொழுது சரியாகப் போய்விட்டது.

அப்போதே பாதி ஊர் இஸ்ரேலுக்குப் போய்விட்டது. பெரிய கூட்டம் நான் சிறுவனாக இருக்கும்போதே போயிற்று. பிறகு ஒரு குடும்பம், இரண்டு குடும்பம் என்று போய்க்கொண்டே இருந்தது. எனக்கு இருபத்தாறு வயது நடந்தபோது இங்கே மிச்சம் இருந்த ஆண்கள் சரியாகப் பத்து. மூப்பரோடு சேர்த்துத்தான். அவருடைய மூத்த மகன் அங்கேயிருந்து கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டான், வந்துவிடுங்கள், வந்துவிடுங்கள் என்று. மூப்பர் எல்லார் முன்னாலும் ஒரு வார்த்தை சொன்னார். வருஷம் முழுக்க வாசித்த சுருளை முடித்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிற பெருநாள் ஒன்று உண்டு, சிம்ஹத் தோரா என்பார்கள். அந்த நாளில் இங்கே ஆள் கூடிச் சுருள் வாசிக்கிற வரைக்கும் நான் இந்தக் கதவைப் பூட்ட மாட்டேன், என்றைக்குக் கூடவில்லையோ அன்றைக்குப் புறப்படுகிறேன் என்றார்.

சிப்போராவுக்குப் போக இஷ்டம் இல்லை. எண்ணெய் அளக்கும்போது சொன்னாள்.

“அங்கே இப்படி மழை பெய்யாதாம்.”

“நனையாம இருக்கலாமே” என்றேன்.

என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “பத்து பேர் குறையாம பாத்துக்கோங்க பலவேசம். உங்களை நம்பித்தான் இருக்கேன்” என்றாள்.

அந்த வருஷம் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. முட்டை வியாபாரம் செய்துகொண்டிருந்த ஒருவர் வீட்டை விற்றுவிட்டு மகன் வீட்டோடு போகப் பார்த்தார். பெருநாள் வரைக்கும் இருங்கள் என்று அவர் வாசலிலேயே போய் உட்கார்ந்தேன். நான் பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்காமல் சரி என்றார். மெனஹேம் என்று ஒரு வயசாளி, இழுப்புக்காரர். அவரை வைத்தியரிடம் கூட்டிப்போவதும் கஷாயம் காய்ச்சிக் கொடுப்பதும் நானேதான். அவருடைய சொந்தக்காரர்களே கேட்டார்கள், உனக்கு என்ன அவ்வளவு அக்கறை என்று. எண்ணெய் வியாபாரம் போய்விடக்கூடாது பாருங்கள், அதற்குத்தான். பள்ளிக்கு மாதம் ஒரு டின்கூட ஓடாது என்பது வேறு விஷயம். வாடிக்கை வாடிக்கைதானே.

பெருநாள் காலையில் இதே மாதிரி மழை. எல்லா விளக்கையும் ஏற்றியிருந்தது. நான் படியை ஒட்டி என் இடத்தில் நின்றேன். அங்கே நின்றால் கூடமும் தெரியும், நடையும் தெரியும். எட்டுப் பேர் வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். மூப்பர் சுருளோடு மாடியில் ஏறிவிட்டார். மெனஹேமைக் காணோம்.

அவர்கள் பெருநாளில் குடை விரிக்க மாட்டார்கள். அந்த மனுஷர் முழுக்க நனைந்து, மூச்சு இரைக்க இரைக்க, தூணைப் பிடித்துப் பிடித்து நடைக்குள் வந்தார். இதோ, இந்தத் திண்டில் பொத்தென்று உட்கார்ந்தார். கைத்தடி உருண்டு படியைத் தாண்டி உள்ளே விழுந்தது. நான் கிட்டே போனேன்.

“தொடாதே. மூச்சு வரட்டும்” என்றார். அப்புறம் இருமல்.

தூக்கி உள்ளே வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். தொடாதே என்று சொன்ன ஆளை எப்படிச் சார் தூக்குவது?

அந்த நேரம் சிப்போரா பெண்கள் படிக்கட்டில் இறங்கி வந்தாள். அவரைப் பார்த்தாள். “வந்துட்டாரு! அப்பாடா, வந்துட்டாரு” என்றாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

மேலேயிருந்து குரல் வந்தது. “ஆளாயோ?”

சிப்போரா என்னைப் பார்த்தாள். “சொல்லுங்க.”

“படிக்கு வெளியே இருக்காரே” என்றேன்.

“அதனாலே என்ன? வந்தாச்சே.”

“மூப்பரே சொல்லியிருக்கார்.” அது நிஜம், சார். முன்னே ஒருமுறை ஒரு பையன் நடையில் நின்று கதை பேசிக்கொண்டிருந்தபோது மூப்பர் என் எதிரிலேயே சத்தம் போட்டார், படிக்கு இந்தப் பக்கம் வந்தால்தான் நீ ஆள், அதுவரைக்கும் நீ தூண் என்று. நான் அதை மறக்கவில்லை. அதைத்தான் அவளுக்கும் சொன்னேன்.

“அவரோட கைத்தடி உள்ளே கிடக்கு பலவேசம்” என்றாள்.

“கைத்தடியை எண்ணுறதில்லையே” என்றேன்.

“ஆளாயோ?” மறுபடியும்.

“ஒரே ஒரு வார்த்தை” என்றாள் சிப்போரா. மெதுவாகத்தான் சொன்னாள். “உள்ளே இருக்கிற யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. நீங்க சொன்னா எல்லாருக்கும் அதுதான்.”

என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ‘ஆயி’ என்றால் பொய். சரி, ‘ஆயில்லா’ என்று சொல்லலாம் என்றால், அதற்கு என்ன அர்த்தம்? ஆள் இன்னும் வரவேண்டும் என்று அர்த்தம். ஆனால் வரவேண்டியவர் வந்துவிட்டார். உள்ளேதான் வரவில்லை. அப்போது அதுவும் சரியாக வராது. இரண்டு வார்த்தைதான் கொடுத்திருந்தார்கள், இரண்டும் அந்த நேரத்துக்குப் பொருந்தவில்லை. மூன்றாம் முறையும் கேட்டார். குரல் ஒரு மாதிரி இருந்தது. கெஞ்சுகிற மாதிரி. பெரியவரை எத்தனை நேரம் காக்க வைப்பது? உள்ளதைச் சொன்னேன்.

“ஒன்பது” என்றேன்.

நான் சத்தமாகப் பேசுகிறவன் இல்லை. அன்றைக்கு என்னவோ சத்தமாக வந்துவிட்டது. அந்தக் கூடத்தில் பேச்சு எழும்பிக் கூரையில் பட்டுத் திரும்பும். எட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். மேலே சுருளைச் சுருட்டுகிற சத்தம் கேட்டது.

மூப்பர் மரப்படியில் தடவித் தடவி இறங்கினார். அதற்குள் மெனஹேமுக்கு மூச்சு கொஞ்சம் நிதானப்பட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு படியைத் தாண்டி உள்ளே வந்து நின்றார்.

“நான் இருக்கேன் எலியாஹு. இதோ வந்துட்டேன், வாசி.”

“எண்ணியாச்சு மெனஹேமே” என்றார் மூப்பர். கோபமாகச் சொல்லவில்லை. ரொம்ப நடந்துவிட்டு வந்தவர் உட்காருவதற்கு முன்னால் பேசுவாரே, அப்படிச் சொன்னார். சுருளைக் கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்துத் திரையை இழுத்துவிட்டார். அவ்வளவுதான். நான் விளக்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொன்றிலும் எண்ணெய் நிறைய இருந்தது.

அப்புறம் ஊர் பேசினது எல்லாம் என்னைத்தான். தமிழன் எண்ணிவிட்டான், அதனால்தான் குறைந்துபோனார்கள் என்று. நான் எண்ணியதால் ஒருவர்கூடக் குறையவில்லை. முதலில் ஒருவர் குறைந்தார், பிறகுதான் நான் எண்ணினேன். எது முன், எது பின் என்று பார்க்க வேண்டாமா? இத்தனை வருஷத்தில் இதை நான் யாருக்கும் விளங்கவைக்க முடியவில்லை. சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

வீட்டை விற்றார்கள். சுருளை முறைப்படி துணியில் சுற்றிக் கொண்டுபோனார்கள். பம்பாய்க்குப் போய் அங்கிருந்து விமானம். போகிற அன்றைக்குப் படிப்புரைக்கு வெளியே டாக்சி நின்றது. மூப்பர் ஏறி உட்கார்ந்துவிட்டார். சிப்போரா எதையோ மறந்துவிட்டேன் என்று சொல்லி உள்ளே வந்தாள். நான் இங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். அவள் ஒன்றையும் எடுக்கவில்லை. இந்தச் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“பலவேசம், அன்னைக்கு அப்பாவுக்கு எல்லாம் கேட்டுச்சு” என்றாள்.

“எது?”

“மெனஹேம் சேட்டனோட இருமல். நான் கெஞ்சினது. நீங்க கைத்தடியை எண்ணுறதில்லைன்னு சொன்னது. இந்த நடையிலே பேசினா படிக்கட்டு வழியா அப்படியே மேலே போயிரும். எப்பவும் கேக்கும். எண்ணெய் அளக்கிறப்போ நாம பேசினதெல்லாம் அப்பா மேலே உக்காந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்காரு.”

எனக்கு முகம் சுண்டிவிட்டது. அளவு சரியாக இருக்கிறதா என்று பெரியவரும் ஒட்டுக்கேட்டிருக்கிறார் என்றால் வருத்தம் இருக்காதா?

“அப்போ மெனஹேம் நடையிலே இருக்கார்னு தெரிஞ்சும் மூப்பர் ஏன் கேட்டார்?” என்றேன்.

“உங்க வாயாலே ‘ஆயி’ன்னு வரணும்னு இருந்துச்சு அவருக்கு.” சுவரிலிருந்து கையை எடுத்தாள். “அவருக்கு மட்டுமில்லை” என்றாள்.

மற்ற எட்டுப் பேரையும் சேர்த்துச் சொல்கிறாள் என்று நினைக்கிறேன்.

டாக்சிக்காரன் ஹாரன் அடித்தான். நான் ஏதாவது சொல்வேன் என்று அவள் நின்றாள். என்ன சொல்வது? அவள் கேள்வி எதுவும் கேட்கவில்லையே. பார்த்துப் போங்கள், படி வழுக்கும் என்றேன். போய்விட்டாள். பிறகு கடிதம் கிடிதம் ஒன்றும் இல்லை. அங்கே இருக்கிறாளா இல்லையா என்றும் தெரியாது. இஸ்ரேலிலிருந்து கூட்டமாக வருவார்கள், நான் யாரிடமும் விசாரிப்பதில்லை. விசாரிக்க நான் யார்?

கதவு பூட்டிக் கிடந்து, ஓடு சரிந்து, அப்புறம் அரசாங்கம் எடுத்துச் சுண்ணாம்பு பூசி, தாமரைக்கு வர்ணம் அடித்துத் திறந்தார்கள். அன்றிலிருந்து வந்து உட்காருகிறேன். ஒரே ஒரு விஷயம்தான் எனக்குப் பிடிபடவில்லை. நீங்கள் படித்தவர் மாதிரி தெரிகிறது, அதனால் கேட்கிறேன். ஒருவருக்குக் கணக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்த கணக்கை எதற்காக வாசலில் நிற்கிற இன்னொருவனிடம் மூன்று முறை கேட்க வேண்டும்?

நீங்களே போட்டுப் பாருங்கள். கூடத்தில் எட்டுப் பேர். மாடியில் மூப்பர். ஒன்பதுதானே, சார், வருகிறது?